தொகை மட்டும் வாசிக்கப்படாத கூட்டங்கள்: பெல் நகர்மன்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குத் தென்கிழக்கே, ஆறரை சதுர கிலோமீட்டர் பரப்பில் அடங்கிவிடும் சிறு நகரம் பெல். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 35,477. பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியைச் சேர்ந்த உழைக்கும் குடும்பத்தினர். அந்த ஆண்டு ஜூலை 15 அன்று லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழில் வந்த செய்திக்குப் பிறகுதான் இந்நகரின் பெயர் நாடு முழுவதும் அடிபட்டது. நகர மேலாளர் ராபர்ட் ரிஸோவின் ஆண்டுச் சம்பளம் 7,87,637 டாலர். உதவி மேலாளர் ஏஞ்சலா ஸ்பாசியாவுக்கு 3,76,288 டாலர், காவல்துறைத் தலைவருக்கு 4,57,000 டாலர். அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கே அப்போது ஆண்டுச் சம்பளம் 4,00,000 டாலர்தான். இவை போதாதென்று, பகுதிநேரப் பொறுப்பான நகர்மன்ற உறுப்பினர் பதவிக்கு ஐவரில் நால்வர் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் பெற்றுவந்ததும் வெளியாயிற்று.

இந்த விவகாரம் பெரும்பாலும் பேராசைக் கதையாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. பேராசை இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் உள்ளாட்சி நிர்வாகத்தைக் கவனிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பெல் நகர்மன்றம் முடங்கிக் கிடந்த மன்றம் அன்று. அங்கே கூட்டங்கள் கூடின, தீர்மானங்கள் நிறைவேறின, நடவடிக்கைக் குறிப்பேடும் எழுதப்பட்டது. மன்றக் கூட்டத்துக்கு வேண்டிய வெளிச்சடங்குகள் அனைத்தும் இருக்கும்போதே இவ்வளவு பணம் எப்படிக் கைமாறியது? என் கணிப்பில் விடை ஒன்றுதான்: யாருக்கு எவ்வளவு என்ற தொகையைப் பொதுமக்கள் முன்னிலையில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டிய தருணம் அந்தக் கூட்டங்களின் அமைப்பில் எங்குமே இருக்கவில்லை. இந்த ஆய்வு அந்த இடைவெளியைப் பற்றியது.

கூட்டத்தின் கட்டமைப்பு

கலிபோர்னியாவின் சிறு நகரங்களில் மன்றம் பொதுவாக ஐந்து உறுப்பினர்களைக் கொண்டது. பெல் போன்ற நகரங்களில் அவர்கள் தங்களுக்குள் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருக்குக் கூட்டத்தைத் தலைமையேற்று நடத்தும் பொறுப்பு உண்டே தவிர, அன்றாட நிர்வாகம் அவர் கையில் இல்லை. அது மன்றம் பணியமர்த்தும் நகர மேலாளரிடம் இருக்கிறது. மூவர் வந்திருந்தால் குறைவெண் நிறைவாகிறது, கூட்டத்தைத் தொடங்கலாம்.

இக்கூட்டங்களை ஆளும் சட்டம் 1953ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பிரவுன் சட்டம். மக்கள் தங்கள் இறையாண்மையைத் தங்களுக்குச் சேவை செய்யும் அமைப்புகளிடம் விட்டுக்கொடுத்துவிடவில்லை என்று அதன் முகப்பிலேயே எழுதியிருக்கிறது. வழமையான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பாகவும், சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பாகவும் நிகழ்ச்சி நிரலைப் பொதுமக்கள் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். அவசரநிலை போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, நிரலில் இல்லாத எதைப் பற்றியும் மன்றம் முடிவெடுக்கக் கூடாது. எந்தப் பொருள் குறித்தும் மன்றம் முடிவெடுக்கும் முன்பாகவோ முடிவெடுக்கும்போதோ பொதுமக்கள் எழுந்து பேச உரிமை உண்டு. வழக்கு, பணியாளர் விவகாரம், ஊதியப் பேச்சுவார்த்தை என்று சட்டம் குறிப்பிடும் காரணங்களுக்காக மட்டுமே கதவை மூடிக்கொண்டு பேசலாம்.

கேட்பதற்கு இறுக்கமான ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் நிரலில் ஒவ்வொரு பொருளுக்கும் சட்டம் கேட்பது சுருக்கமான பொது விவரம் மட்டும்தான்; அது பொதுவாக 20 சொற்களுக்கு மேற்பட வேண்டியதில்லை என்றும் சட்டமே சொல்கிறது. ‘நகர மேலாளருடனான பணி ஒப்பந்தத் திருத்தத்துக்கு ஒப்புதல் அளித்தல்’ என்று ஒரு வரி இருந்தால் நிரல் என்ற அளவில் அது போதுமானதாகவே கொள்ளப்படும். திருத்தம் என்ன, ஆண்டுக்கு எவ்வளவு கூடுகிறது என்பதெல்லாம் இணைப்புக் கோப்பில் இருக்கும். அதைத் தேடிச் சென்று கேட்டுப் பெறுபவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஒப்புதல் பட்டியல் என்னும் நடைமுறை. முந்தைய கூட்டத்தின் குறிப்பேடு, பணப்பட்டுவாடாப் பட்டியல், சிறு ஒப்பந்தங்கள் முதலான சர்ச்சையற்ற பொருள்களை ஒரே கட்டாகக் கட்டி, விவாதமின்றி ஒரே வாக்கில் நிறைவேற்றும் முறை இது. உறுப்பினர் ஒருவர் கேட்டால் ஒரு பொருளைக் கட்டிலிருந்து தனியே எடுத்து விவாதிக்கலாம். யாரும் கேட்காவிட்டால் அத்தனையும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். இதைச் சூழ்ச்சி என்று சொல்வது நியாயமாகாது. ஒவ்வொரு மின்கட்டண ரசீதையும் ஐவரும் எழுந்து விவாதித்துக்கொண்டிருந்தால் மன்றம் நள்ளிரவிலும் கலையாது. ஆனால் எது சர்ச்சையற்றது என்பதை முதலில் தீர்மானிப்பவர்கள் நிரலைத் தயாரிக்கும் மேலாளரும் அவருடைய அலுவலகமும்தான். தன்னுடைய ஊதியம் எந்த வரிசையில், எந்தச் சொற்களில், எந்தப் பொருளுக்குப் பின்னால் மன்றத்துக்குப் போக வேண்டும் என்பதை ஒருவரே முடிவு செய்யக்கூடிய நிலை அதில் பொதிந்திருக்கிறது.

2005: வாக்குச்சீட்டில் இல்லாத விஷயம்

கலிபோர்னிய நகரங்கள் இரு வகைப்படும். மாநிலத்தின் பொதுச் சட்டப்படி நடப்பவை ஒரு வகை; தமக்கெனத் தனிச் சாசனம் எழுதிக்கொண்டு உள்ளூர் விவகாரங்களைத் தாமே தீர்மானித்துக்கொள்பவை மற்றொன்று. 2005ஆம் ஆண்டில், பொதுச் சட்ட நகரங்களின் மன்ற உறுப்பினர்கள் தாம் அமரும் துணை வாரியங்களிலிருந்து பெறக்கூடிய படித்தொகைக்கு மாநிலச் சட்டமன்றம் வரம்பு கட்டியது. அதே ஆண்டு நவம்பர் 29 அன்று பெல் நகரில் ஒரு சிறப்புத் தேர்தல் நடந்தது. நகரைச் சாசன நகராக மாற்றலாமா என்பது மட்டுமே கேள்வி. பதிவான வாக்குகள் 400-க்கும் குறைவு. சாசனம் நிறைவேறியது. சம்பளத்தைப் பற்றி வாக்குச்சீட்டின் வாசகத்தில் ஒரு சொல்லும் இல்லை.

இதில் கவனிக்கத்தக்க முரண் ஒன்று உண்டு. நகர்மன்ற உறுப்பினரின் சம்பளம், அதே அளவு மக்கள்தொகை கொண்ட பொதுச் சட்ட நகரங்களில் உறுப்பினருக்குக் கிடைப்பதை விஞ்சக் கூடாது என்று அந்தச் சாசனமே கூறியது. அந்த அளவுள்ள நகரத்துக்கு மாநிலச் சட்டத்தின் அடிப்படைத் தொகை அப்போது மாதம் 400 டாலராக இருந்தது. எனவே மன்ற உறுப்பினர் என்ற பெயரில் பெரிய தொகையை எடுக்கச் சாசனத்திலும் வழியில்லை. வேறு பெயர்கள் தேவைப்பட்டன.

ஐந்து பேர், பல மன்றங்கள்

பொது நிதி ஆணையம், உபரிச் சொத்து ஆணையம், சமூக வீட்டுவசதி ஆணையம், திடக்கழிவு மற்றும் மறுசுழற்சி ஆணையம் என்று பெல் நகரில் பல துணை அமைப்புகள் இருந்தன. எல்லாவற்றிலும் உறுப்பினர்கள் அதே ஐவர்தான். இதுவும் தன்னளவில் விதிமீறல் ஆகாது. கடன் பத்திரம் வெளியிட ஒரு தனிச் சட்ட அமைப்பு, வீட்டுவசதிக்கு ஒன்று என்று பல நகரங்களும் வைத்திருக்கின்றன. மன்றக் கூட்டத்தின் நடுவில் மேயர் மன்றத்தை ஒத்திவைத்து, அதே நாற்காலிகளில் அதே ஆட்கள் அமர்ந்தபடி, இப்போது கூடியிருப்பது இன்ன ஆணையம் என்று அறிவித்து, ஒரு தீர்மானத்தை நிறைவேற்றி, மீண்டும் மன்றத்துக்குத் திரும்புவார். அறையின் பின்வரிசையில் இருப்பவருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது.

பெல் நகரில் இந்த ஆணையங்கள் ஒவ்வொன்றும் உறுப்பினருக்கு மாதம் 1,500 டாலருக்கு மேல் படி அளித்தன. அவை கூடியபோதும் ஓரிரு நிமிடங்களில் கலைந்தன என்றும், சில வேளைகளில் கூடவே இல்லை என்றும் அரசுத் தரப்பு பின்னர் நீதிமன்றத்தில் வாதிட்டது. படி ஒரு அமர்வுக்கு இவ்வளவு என்று இல்லாமல் மாதத்துக்கு இவ்வளவு என்று இருந்ததால், கூட்டம் நடந்ததா என்பதற்கும் பணம் வந்ததா என்பதற்கும் தொடர்பே அற்றுப்போயிற்று. குறிப்பேட்டில் எதுவும் பதிவாகாத மாதத்திலும் ஊதியப் பட்டியல் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நான்கைந்து சிறு தொகைகள், நான்கைந்து தனித்தனிப் பெயர்கள். ஓர் உறுப்பினருக்கு மொத்தம் எவ்வளவு என்ற கூட்டலை எந்த ஒரு தீர்மானமும் செய்து காட்டவில்லை. 2009இல் காலியிடத்துக்கு நியமிக்கப்பட்ட ஐந்தாவது உறுப்பினர் லொரென்சோ வெலெஸுக்கு ஆண்டுக்குச் சுமார் 8,000 டாலர்தான் வந்துகொண்டிருந்தது. மற்ற நால்வரும் வாங்கிய தொகை தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னார். ஒரே மேசையில் அமர்ந்திருந்தவருக்கே தெரியாத ஒன்று பார்வையாளர் வரிசைக்கு எப்படித் தெரியும்?

கூட்டிப் பார்க்க முடியாத ஒப்பந்தம்

ரிஸோ 1993இல் பணியில் சேர்ந்தபோது அவருடைய சம்பளம் ஆண்டுக்கு 72,000 டாலர். அதன்பின் படிப்படியாக உயர்ந்தது. உயர்வுகள் சில மன்றத்தின் ஒப்புதலோடு வந்தவை. பிற்காலத்து ஒப்பந்தங்களோ மன்றத்தின் முன் முறைப்படி வைக்கப்படாமலேயே கையெழுத்தானவை என்பது வழக்கின் முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2008இல் அவருடைய ஒப்பந்தம் ஐந்து தனித்தனி ஆவணங்களாகப் பிரிக்கப்பட்டது. எந்த ஓர் ஆவணத்தை எடுத்துப் பார்த்தாலும் அதில் மொத்தத் தொகையின் ஒரு பங்கு மட்டுமே இருக்கும்.

இதைவிடக் கூர்மையான சான்று ஒரு மின்னஞ்சல். 2009இல் புதிதாகச் சேரவிருந்த காவல்துறைத் தலைவருக்கு ஸ்பாசியா எழுதியது அது. தங்கள் ஒப்பந்தங்கள் எவருடைய கவனத்தையும் ஈர்க்காதபடி கவனமாக எழுதப்பட்டிருப்பதாக அதில் அவர் விளக்குகிறார். ஆண்டுச் சம்பளம் இவ்வளவு என்று எழுதாமல் ‘ஊதியக் காலம்’ ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று எழுதுவது, ஊதியக் காலம் என்றால் எத்தனை நாள் என்பதை வரையறுக்காமல் விடுவது: இதுதான் உத்தி. யாரேனும் உட்கார்ந்து கூட்டிப் பார்க்க முற்பட்டாலும் முடியாமல் போக வேண்டும் என்பதே நோக்கம் என்று அவரே எழுதியிருந்தார். உள்ளாட்சி ஆவணங்களைப் படிப்பதில் பழக்கமுள்ள எவரும் இந்த இடத்தில் சற்று நின்றுவிடுவார்கள். பூட்டி வைக்கப்பட்ட ஆவணத்தை எதிர்த்து வழக்குப் போடலாம். திறந்தே இருந்து, படித்தாலும் விளங்காத ஆவணத்தை எதிர்த்து என்ன செய்வது?

கேட்டவர்களும் இல்லாமல் இல்லை. மன்றத்தினரும் மேலாளரும் வாங்கும் சம்பளத்தின் விவரத்தை 2008இல் நகரவாசி ஒருவர் எழுத்து மூலம் கேட்டார். உறுப்பினர்களுக்கு மாதம் 673 டாலர், மேலாளருக்கு மாதம் சுமார் 15,500 டாலர் என்று அவருக்கு ஒரு தாள் தரப்பட்டது. மன்ற உறுப்பினர் என்ற ஒரே பெயரில் வரும் தொகை மட்டுமே அதில் இருந்தது. ஆணையப் படிகள் ஒன்றும் இல்லை. மேலாளரின் உண்மைச் சம்பளமும் இல்லை. பொது ஆவணத்தைத் திரித்த குற்றச்சாட்டு பின்னர் இந்தத் தாளை வைத்தே எழுந்தது.

வெளிச்சம்

2010 கோடையில் பக்கத்து நகரமான மேவுட் தன் பணியாளர்களை நீக்கிவிட்டு நிர்வாகத்தைப் பெல் நகரிடம் ஒப்படைக்க முனைந்தது. அதை விசாரிக்கப் போன நிருபர்கள் ஜெஃப் காட்லீபும் ரூபென் விவெஸும் பெல் நகரின் சம்பளக் கணக்கையும் கூட்டக் குறிப்பேடுகளையும் பொது ஆவணச் சட்டப்படி கேட்டார்கள். விடாமல் வலியுறுத்திய பிறகே தாள்கள் கைக்கு வந்தன. அந்தச் செய்தித் தொடருக்கு 2011இல் பொதுச் சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

செய்தி வந்த ஏறத்தாழ ஒரு வாரத்தில் மேலாளர், உதவி மேலாளர், காவல்துறைத் தலைவர் மூவரும் பதவி விலகினர். அதுவரை வெறிச்சோடிக் கிடந்த மன்ற அறையில் இப்போது நிற்க இடமில்லை. மக்கள் வெளியே திரண்டு முழக்கமிட்டனர். ஜூலை இறுதியில் உறுப்பினர்கள் தங்கள் ஊதியத்தை 90 சதவீதம் குறைத்துக்கொள்ளத் தாங்களே வாக்களித்தனர். செப்டம்பர் 21 அன்று எட்டுப் பேர் கைதாயினர். 2011 மார்ச் 8 அன்று நடந்த தேர்தலில் வாக்காளர்கள் புதிய மன்றத்தைக் கொண்டுவந்தார்கள்.

நடுவர் குழு எதைக் குற்றம் என்றது

முன்னாள், அந்நாள் உறுப்பினர்கள் அறுவர் மீதான விசாரணை 2013இல் நடந்தது. நகர வழக்கறிஞரும் தணிக்கையாளரும் எந்தத் தவறையும் சுட்டிக்காட்டவில்லை, மேலாளரை நம்பினோம், மன்றத்துக்கு வெளியேயும் மக்களுக்காக உழைத்தோம் என்பவை அவர்கள் தரப்பு வாதங்கள். அந்தத் தணிக்கை நிறுவனத்துக்கு மாநிலக் கணக்காளர் வாரியம் பின்னர் அபராதம் விதித்தது என்பதையும் நோக்கினால், முதல் வாதம் முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் இத்தனை ஆணையங்களின் படியையும் மாதந்தோறும் சொந்தக் கணக்கில் வரவு வைத்துக்கொண்ட ஒருவர், அதைப் பற்றித் தணிக்கையாளர் சொன்னால்தான் தெரியும் என்பது ஏற்கத்தக்கதாக எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் 20 அன்று நடுவர் குழு (ஜூரி) அளித்த தீர்ப்பு நுணுக்கமானது. ஐவர் குற்றவாளிகள் எனப்பட்டது திடக்கழிவு ஆணையத்திலிருந்து பணம் பெற்றதற்காக. பொது நிதி ஆணையத்தில் பெற்ற பணம் தொடர்பான குற்றச்சாட்டுகளிலிருந்து அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். மற்ற சில குற்றச்சாட்டுகளில் நடுவர்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. ஆறாமவரான லூயிஸ் ஆர்ட்டிகா முழுமையாக விடுவிக்கப்பட்டார். திடக்கழிவு ஆணையம் சட்டப்படி அமைக்கப்பட்டதே இல்லை, வேலை என்று எதையும் செய்ததும் இல்லை என்று அரசுத் தரப்பு காட்டியிருந்தது. தீர்ப்பின் கோட்டை இப்படித்தான் படிக்க முடிகிறது: தொகை எவ்வளவு பெரிது என்பதைக் காட்டிலும், அந்தத் தொகைக்குப் பின்னால் உண்மையான ஓர் அமைப்பும் கூட்டமும் இருந்தனவா என்பதே அளவுகோலாயிற்று.

மீதமிருந்த குற்றச்சாட்டுகள் தொடர்பில் ஐவரும் 2014இல் உடன்பாட்டுக்கு வந்தனர். சிலருக்குச் சிறையும் ஒருவருக்கு வீட்டுக்காவலும் விதிக்கப்பட்டன. ரிஸோ 69 குற்றச்சாட்டுகளை எதிர்க்காமல் ஏற்று, 2014 ஏப்ரலில் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஸ்பாசியாவுக்கு 11 ஆண்டு 8 மாதம்.

சட்டம் எங்கே தைத்தது

பெல் விவகாரத்துக்குப் பின் கலிபோர்னியச் சட்டமன்றம் செய்த திருத்தங்களை வரிசையாகப் படித்தால், ஒவ்வொன்றும் கூட்டத்தின் ஒரு குறிப்பிட்ட நிமிடத்தைக் குறிவைப்பது தெரியும். 2011இன் ஏபி 23 (ஏபி என்பது மாநிலக் கீழவை மசோதாவின் சுருக்கம்) சட்டப்படி, ஒரு மன்றத்தின் கூட்டத்தோடு சேர்ந்தோ அடுத்தடுத்தோ அதே உறுப்பினர்களைக் கொண்ட இன்னோர் அமைப்பு கூடுமானால், அந்த இரண்டாம் கூட்டத்துக்காக ஒவ்வொருவருக்கும் கிடைக்கவிருக்கும் தொகையைச் செயலாளரோ உறுப்பினர் ஒருவரோ கூட்டம் தொடங்கும் முன் வாய்மொழியாக அறிவிக்க வேண்டும். அதே ஆண்டின் ஏபி 1344, மேலாளர் முதலான உயர் அலுவலரின் ஊதியத்தை 24 மணி நேர அறிவிப்பில் கூடும் சிறப்புக் கூட்டத்தில் எடுக்கத் தடை விதித்தது. இணையதளம் உள்ள நகரங்கள் நிரலை அதிலும் வெளியிட வேண்டும் என்றது. புதிய சாசனத்தைக் குறைந்த வாக்குப்பதிவுள்ள தனித் தேர்தலில் நுழைத்துவிடாதபடி மாநிலம் தழுவிய தேர்தலோடு சேர்த்தது. மன்றம் தன் ஊதியத்தைத் தானே உயர்த்திக்கொள்ளும் அதிகாரம் அதனால் வருமா என்பதை வாக்குச்சீட்டிலேயே சொல்ல வைத்தது. 2014 முதல் ஒவ்வோர் உறுப்பினரும் எப்படி வாக்களித்தார் என்பதைக் கூட்டத்திலேயே பெயரோடு அறிவிக்க வேண்டும். 2017இல் நடைமுறைக்கு வந்த எஸ்பி 1436 (எஸ்பி என்பது மேலவை மசோதா), உயர் அலுவலரின் சம்பளம் குறித்து இறுதி முடிவெடுக்கும் முன், பரிந்துரைக்கப்பட்ட தொகையின் சுருக்கத்தை அந்தத் திறந்த கூட்டத்திலேயே வாய்மொழியாகத் தெரிவிக்கக் கட்டளையிட்டது.

இவற்றில் ஏபி 23தான் மிகச் சிறந்தது என்பேன். அது எந்த ஆணையத்தையும் தடை செய்யவில்லை, எந்தத் தொகைக்கும் உச்சவரம்பு கட்டவில்லை. ‘அடுத்து கூடவிருக்கும் ஆணையத்தின் அமர்வுக்காக ஒவ்வோர் உறுப்பினருக்கும் இத்தனை டாலர்’ என்று செயலாளர் ஒலிபெருக்கியில் சொல்லியாக வேண்டும், அவ்வளவே. கூட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்தால், அந்தத் தொகையும் அந்த ஒரு நிமிடமும் அடுத்தடுத்துக் காதில் விழும். ஒலிப்பதிவிலும் இருக்கும்.

குறைகளும் உண்டு. தொகையைச் சொல்ல வேண்டும் என்கிற சட்டம், அதன்மேல் விவாதம் நடந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. வெற்று நாற்காலிகளின் முன் வாசித்தாலும் வாசித்ததாகத்தான் கணக்கு. நிரலில் 20 சொல் போதும் என்ற ஏற்பாடு அப்படியே தொடர்கிறது. முடிவெடுப்பவர்களின் சொந்த ஊதியம் சம்பந்தப்பட்ட பொருள்களுக்காவது ஆண்டு மொத்தத் தொகையை நிரலின் அந்த வரியிலேயே இலக்கத்தில் எழுத வேண்டும் என்று ஒரு திருத்தம் வந்திருக்கலாம். அதற்குப் பெரிய செலவோ புதிய அமைப்போ தேவையில்லை. அப்படியொரு விதி இல்லாத நிலையிலும் எந்த நகர்மன்றமும் தன் கூட்ட நடைமுறை விதிகளில் அதைத் தானாகவே சேர்த்துக்கொள்ளலாம். வழமையான கூட்டம் ஒன்றில், மூன்று வாக்குகள் போதும்.